கண்ணுக்கு எத்தனை ஹெர்ட்ஸ்? புது மானிட்டர் வாங்கியவனின் சந்தேகம்

ஆறாம்விரல்

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரத்துக்கு முன்பு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று வாங்கினேன், அதாவது விநாடிக்கு 144 தடவை திரையைப் புதுப்பிக்கும் மானிட்டர். பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரைப் பரணில் ஏற்றியாயிற்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நிறம் நன்றாக இருக்கிறது, திரை பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

என் அண்ணன் வீடியோ எடிட்டர். "மனுசன் கண்ணுக்கு விநாடிக்கு 24 பிரேம்தான்டா தெரியும். அதனால்தான் சினிமாவே 24இல் ஓடுகிறது. மீதி 120ஐயும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாய்" என்று ஒரே கிண்டல். திருப்பிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உண்மையில் கண் எத்தனை பிரேம் வரை பார்க்கும்? அண்ணன் சொல்வது சரியா, இல்லை என் கண்ணில்தான் கோளாறா?

ஹெட்ஷாட்

கண்ணை விடுங்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயைத் திறந்து, ரெஃப்ரெஷ் ரேட் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆறாம்விரல்

60.

இரண்டு வாரம்!

இப்போதுதான் 144க்கு மாற்றினேன். மவுஸை ஒரு சுற்றுச் சுற்றியதுமே தெரிந்துவிட்டது. ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தால் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சரி, கண்ணில் கோளாறு இல்லை. ஆனாலும் அண்ணனின் 24க்குப் பதில் வேண்டும். இந்த இரண்டு வாரக் கதை அவன் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டகைப்பையன்

அந்த 24க்கு நான் பதில் சொல்கிறேன். என் அப்பா முப்பது வருடம் புரொஜக்டர் ஓட்டியவர். நான் வளர்ந்ததே அந்த அறையில்தான்.

24 என்பது கண்ணால் வந்த எண் இல்லை, காதால் வந்த எண். மௌனப் படக் காலத்தில் நிலையான வேகம் என்று ஒன்று கிடையாது. கேமராவைக் கையால் சுற்றினார்கள். 16 பிரேமும் உண்டு, 20க்கு மேலும் உண்டு. ஓட்டுகிறவரும் தன் விருப்பத்துக்கு வேகத்தைக் கூட்டிக் குறைப்பார், பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். 1920களின் கடைசியில் ஒலிப்படம் வந்ததும் அந்தச் சுதந்திரம் போய்விட்டது. வேகம் கொஞ்சம் ஏறினாலும் குரல் கீச்சென்று மாறும், இறங்கினால் அழுது வடியும். கண் மன்னித்ததைக் காது மன்னிக்கவில்லை. ஆகவே வேகத்தை ஓரிடத்தில் நிறுத்த வேண்டி வந்தது. ரொம்பக் குறைத்தால் ஒலியின் தரம் போகும், ரொம்பக் கூட்டினால் பிலிம் செலவு எகிறும். நடுவில் 24இல் நின்றார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தியேட்டரில்கூட விநாடிக்கு 24 தடவை வெளிச்சம் வந்துபோவதில்லை. படச்சுருள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஓடினால் திரையில் கோடுதான் தெரியும். ஒரு பிரேம் வந்து நிற்கும், வெளிச்சம் படும், ஷட்டர் மறைக்கும், மறைத்திருக்கும் நேரத்தில் அடுத்த பிரேம் இழுக்கப்படும். அந்த ஷட்டருக்கு ஒரே ஒரு இதழ் இருந்தால் விநாடிக்கு 24 முறை இருட்டும். யாராலும் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால் இரண்டு இதழ் வைத்தார்கள், அதே பிரேம் இரண்டு முறை வெளிச்சம் வாங்கும், ஆக 48. மூன்று இதழ் ஷட்டரில் 72. விநாடிக்கு 24 மினுக்கம் போதாது என்பது புரொஜக்டர் செய்தவர்களுக்கு அன்றைக்கே தெரியும்.

இன்னொன்று. 24இல் படம் எடுக்கும் கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் வழக்கமாக விநாடியில் 48இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது. ஓடுகிற ஆளின் கை அந்த நேரத்துக்குள் நகர்ந்து பிரேமில் தீற்றலாக விழுகிறது. ஒரு படத்தை ஓட்டத்தின் நடுவில் நிறுத்திப் பாருங்கள், கை கையாகவே இருக்காது. அந்தத் தீற்றல்தான் பிரேமுக்கும் பிரேமுக்கும் இடையே பாலம் போடுகிறது. கேமில் நிறுத்தினால் ஒவ்வொரு பிரேமும் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும், பாலம் கிடையாது. அதே 24இல் கேமை ஓட்டினால் தூக்கித் தூக்கிப் போடுவது அதனால்தான். ஒளிப்பதிவாளர்களும் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது வேகத்தை அளந்துதான் திருப்புவார்கள். அண்ணனைக் கேளுங்கள், வேகமாகத் திருப்பிய ஷாட் வந்தால் அவரே முகம் சுளிப்பார்.

விடாக்கண்டன்

24 கட்டுக்கதை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக 144 உண்மையாகிவிடாது.

மினுக்கும் விளக்கு ஒன்றின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் மினுக்கம் மறைந்து தொடர்ச்சியான வெளிச்சமாகிவிடும். பாடப்புத்தகங்களில் இதற்கு 50 முதல் 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. அதற்கு மேல் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். பிறகு 144 எதற்கு, 240 எதற்கு? கேமராவில் மெகாபிக்சலைக் காட்டி விற்ற மாதிரி இங்கே ஹெர்ட்ஸைக் காட்டி விற்கிறார்கள். "செட்டிங்கை மாற்றியதும் தெரிந்துவிட்டது" என்கிறார் நண்பர். மாற்றியது அவர், பார்த்ததும் அவர். காசு கொடுத்தவன் கண்ணுக்கு எல்லாம் வழுவழுவென்றுதான் ஓடும்.

கருமணி

விடாக்கண்டன் சொன்ன எண் சரி, அது விடை சொல்லும் கேள்விதான் வேறு. கண் மருத்துவத் துறையில் இருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், கண்ணில் பிரேம் என்ற ஒன்றே இல்லை. விழித்திரையில் ஒளி பட்டதும் வேதிமாற்றம் நடக்கிறது, செல்லின் மின் அழுத்தம் மெல்ல மாறி மெல்லத் திரும்புகிறது. கோடிக்கணக்கான செல்கள், ஒவ்வொன்றும் தன் போக்கில். எல்லாம் சேர்ந்து 'இப்போது படம் எடு' என்று காத்திருப்பதில்லை. "கண் எத்தனை பிரேம் பார்க்கும்" என்பது "ஆறு எத்தனை குடத்தில் ஓடுகிறது" என்று கேட்பது மாதிரி.

இரண்டாவது, மினுக்கம் மறையும் அந்த 50, 60 நிலையான எண்ணும் இல்லை. வெளிச்சம் பத்து மடங்கு கூடும் ஒவ்வொரு முறையும் அந்த எல்லை ஓரளவு சம படியாக மேலே ஏறும். ஃபெர்ரி–போர்ட்டர் விதி என்று இதற்குப் பெயர். மினுக்கும் பரப்பு பெரிதானாலும் ஏறும். மங்கிய இருட்டில், குறைந்த வெளிச்சத்துக்கென்றே விழித்திரையில் இருக்கும் குச்சி செல்களை மட்டும் நம்பிப் பார்க்கும்போது 15, 20 ஹெர்ட்ஸிலேயே மினுக்கம் மறைந்துவிடும். பளிச்சென்ற பெரிய வெள்ளைத் திரையில் 80, 90 வரைகூடப் போகும். கடைக்கண் இதில் நடுக்கண்ணைவிடக் கெட்டிக்காரத்தனம் காட்டும். நேராகப் பார்த்தால் அமைதியாக இருக்கும் டியூப் லைட் ஓரக்கண்ணில் படபடப்பதைப் பலர் கவனித்திருப்பீர்கள்.

வெளிச்சம் குறைந்தால் கண் உண்மையிலேயே தாமதிக்கிறது. இதை வீட்டில் பார்க்கலாம். ஒரு நூலில் எதையாவது கட்டி, உங்கள் முன்னால் இடமும் வலமுமாக, நேர்கோட்டில் ஆட விடுங்கள். கூலிங் கிளாஸின் ஒரு கண்ணாடியை மட்டும் ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இரண்டு கண்ணாலும் பாருங்கள். நேர்கோட்டில் ஆடும் குண்டு உங்களை நோக்கி வந்தும் விலகியும் நீள்வட்டமாகச் சுற்றுவது போலத் தெரியும். இருட்டான கண்ணின் செய்தி சில மில்லி விநாடி பிந்தி வருகிறது, அந்தப் பிந்தலை மூளை ஆழமாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. கார்ல் புல்ஃப்ரிக் 1922இல் இதை விளக்கினார். அவருக்கு ஒரு கண் பார்வை கிடையாது, அதாவது தான் விளக்கியதை அவரால் பார்க்கவே முடியாது. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு இந்த ஒரு கதைகூடக் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மூன்றாவதுதான் முக்கியம். மினுக்க எல்லை என்பது, ஒரே இடத்தில் நின்று எரிந்து அணையும் விளக்கைக் கண்ணை ஆட்டாமல் பார்க்கும்போது கிடைக்கும் எண். மானிட்டரில் நீங்கள் பார்ப்பது நகரும் பொருள். உங்கள் கண்ணும் நகர்கிறது. அங்கே அந்த 60க்கு வேலையே இல்லை.

விடாக்கண்டன்

மினுக்கம் வேறு, அசைவு வேறு என்கிறீர்கள். யோசிக்கிறேன். ஆனால் எதிர்த்தரப்பிலும் கட்டுக்கதை உண்டே. விமானிகளுக்கு விநாடியில் 220இல் ஒரு பங்கு நேரம் ஒரு விமானப் படத்தைக் காட்டினார்களாம், என்ன விமானம் என்று சொல்லிவிட்டார்களாம், அதனால் கண் 220 பிரேம் பார்க்குமாம். இதை எத்தனை இடத்தில் படித்தாயிற்று.

கருமணி

அந்தக் கதையை விடுங்கள், அது உண்மையாகவே இருந்தாலும் அதிலிருந்து அந்த முடிவு வராது. கேமரா ஃபிளாஷ் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் மின்னுகிறது, எல்லோருக்கும் தெரிகிறது. அதனால் கண் 1000 பிரேம் பார்க்கிறது என்று சொல்வோமா? குறுகிய நேரத்துக்குள் வரும் ஒளியைக் கண் கூட்டிச் சேர்த்துப் பார்க்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் இந்தக் கூட்டல் ஏறக்குறைய 100 மில்லி விநாடி வரை நடக்கும். கொஞ்ச நேரம் பலமாக அடித்த வெளிச்சமும், அதிக நேரம் மெலிதாக அடித்த வெளிச்சமும் மொத்தம் ஒன்றானால் கண்ணுக்கும் ஒன்றுதான். இது பிளாக் விதி. மின்னியது தெரியும், எவ்வளவு நேரம் மின்னியது என்பது தெரியாது.

இதே போல 2014இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மேரி பாட்டர் குழு செய்த ஆய்வையும் இழுத்து வருவார்கள். ஒவ்வொரு படத்தையும் 13 மில்லி விநாடி மட்டும் காட்டி அடுத்தடுத்து ஓட்டினார்கள், கேட்ட பொருள் அதில் இருந்ததா என்பதைக் குருட்டடியைவிட நன்றாகவே சொன்னார்கள். உடனே 1000ஐ 13ஆல் வகுத்து "கண்ணின் வேகம் சுமார் 75 பிரேம்" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அந்த ஆய்வு கேட்டது, ஒரு படத்தின் பொருள் மூளைக்கு எட்ட எவ்வளவு நேரம் போதும் என்று. அசைவு வழுக்கலாகத் தெரிகிறதா என்பது அதில் இல்லவே இல்லை.

பெரியபெட்டி

நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பேச்சு வந்துவிட்டது. என் மேசையில் இன்னமும் ஒரு சிஆர்டி மானிட்டர், அதாவது பழைய பெட்டி டிவி மாதிரிப் படக்குழாய் வைத்தது, இருக்கிறது. முதுகு ஒடியும் எடை. ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லும் பதில் இது.

சிஆர்டியில் ஒரு புள்ளியை எலக்ட்ரான் கற்றை தொட்டதும் அது பளிச்சென்று எரிந்து ஓரிரு மில்லி விநாடிக்குள் பெரும்பாலும் அணைந்துவிடும். அடுத்த சுற்று வரும்வரை இருட்டு. அதனால் 60இல் வைத்தால் கண் கூசும், 75 அல்லது 85க்கு ஏற்றித்தான் வேலை பார்ப்போம். எல்சிடி அப்படி இல்லை. ஒரு பிரேம் வந்தால் அடுத்தது வரும்வரை அசையாமல் அப்படியே நிற்கும். மினுக்கம் போயிற்று என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் வேறொன்று வந்து ஒட்டிக்கொண்டது.

திரையில் ஒரு எழுத்து இடமிருந்து வலமாக விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். உங்கள் கண் அதைப் பின்தொடர்ந்து வழுக்கிக்கொண்டே போகும், நிற்காது. 60 ஹெர்ட்ஸ் திரையில் எழுத்து ஓரிடத்தில் விநாடியில் 60இல் ஒரு பங்கு நேரம் நிற்கிறது, பிறகு 16 பிக்சல் தாவுகிறது. எழுத்து நிற்கும் அந்த நேரத்தில் கண் 16 பிக்சல் தூரம் போய்விட்டது. அதாவது நின்ற எழுத்தை ஓடும் விழித்திரை 16 பிக்சல் அகலத்துக்கு இழுத்துத் தேய்த்துவிடுகிறது. மானிட்டர் மங்கலாகக் காட்டவில்லை, கண்ணுக்குள்தான் மங்கல். நம்பாவிட்டால் போனில் படம் எடுத்துப் பாருங்கள், போனை ஆட்டாமல் வேகமான ஷட்டரில் எடுத்தால் எழுத்து கூர்மையாகவே இருக்கும்.

120இல் இந்தத் தேய்மானம் 8 பிக்சல். 240இல் 4. ஒரே ஒரு பிக்சலுக்குக் கொண்டுவர 960 ஹெர்ட்ஸ் வேண்டும்! ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும் ஓஎல்இடி திரை வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அதன் பிக்சல் மின்னல் வேகத்தில் மாறும், உண்மை. மாறிய பிறகு அதுவும் நின்றுகொண்டுதானே இருக்கிறது. பிரேமுக்கும் பிரேமுக்கும் நடுவே கறுப்பைச் செருகும் வசதி சில மானிட்டர்களில் உண்டு, அது சிஆர்டியைப் போலி செய்வது. மங்கல் குறையும், கூடவே வெளிச்சமும் குறையும், மினுக்கம் திரும்பி வரும். கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட்டில் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும், தலையைத் திருப்பும்போதெல்லாம் உலகமே தேய்ந்தால் வாந்தி வரும். அதனால்தான் 2016இல் வந்த ஓக்குலஸ் ரிஃப்டும் எச்டிசி வைவும் 90 ஹெர்ட்ஸில், ஒவ்வொரு பிரேமையும் மிகச் சிறிது நேரம் மட்டும் எரியவிட்டு அணைத்தன.

ஆறாம்விரல்

பெரியபெட்டி அண்ணா, இதைச் செய்து பார்த்தேன். நீண்ட கட்டுரை ஒன்றைத் திறந்து, மெதுவாக ஸ்க்ரோல் செய்துகொண்டே வாசிக்க முயன்றேன். 60இல் ஓடும்போது வரி கரைந்து போகிறது, நிறுத்தினால்தான் வாசிக்க முடிகிறது. 144இல் ஓடும்போதே பாதியாவது பிடிபடுகிறது. இத்தனை நாளாக நான் ஸ்க்ரோல் செய்துவிட்டு நிறுத்தி நிறுத்தித்தான் படித்திருக்கிறேன் என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் மவுஸ் அம்பை வேகமாக வட்டமாகச் சுற்றினால், ஒரு அம்புக்குப் பதில் வரிசையாகப் பல அம்புகள் தெரிகின்றன, நடுநடுவே இடைவெளி. 60இல் இடைவெளி அதிகம், 144இல் நெருக்கம். இங்கே நான் அம்பைப் பின்தொடரவில்லை, திரையின் நடுவில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் இது வேறு விஷயம்தானே?

பெரியபெட்டி

வேறுதான். கண் பின்தொடர்ந்தால் தேய்மானம், கண் நின்றால் தனித்தனிப் பிம்பம். ஒன்று கரைகிறது, மற்றது உடைகிறது. கறுப்பைச் செருகினால் முதலாவதுதான் சரியாகும். இரண்டாவதுக்குப் பிரேமைக் கூட்டுவது ஒன்றுதான் வழி.

தலைவலிக்காரி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு வழுவழுப்பு வேண்டாம், தலைவலி போனால் போதும். அலுவலகத்தில் நாள் முழுக்கத் திரை பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. வீட்டில் என் லேப்டாப்பை இரவில் வெளிச்சம் குறைத்து வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறிக்கிறது. இரண்டும் 60 ஹெர்ட்ஸ்தான். வெளிச்சம் குறைவாக இருந்தால் கண்ணுக்கு நல்லது என்றுதானே சொல்வார்கள்?

கருமணி

உங்கள் விஷயத்தில் ரெஃப்ரெஷ் ரேட் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு குறைவு. பல திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை மங்கலாக்குவதில்லை, வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. பாதி நேரம் எரிந்தால் பாதி வெளிச்சம். சில திரைகளில் இது விநாடிக்கு 200, 240 தடவை நடக்கும். முழு வெளிச்சத்தில் வைத்தால் அணைப்பதே இல்லை, குறைக்கக் குறைக்க இருட்டு நேரம் நீள்கிறது. உங்கள் கதையோடு பொருந்துகிறது பாருங்கள்.

சோதிக்க எளிய வழி உண்டு. அறையில் வேறு விளக்கு இல்லாமல், திரையை வெறும் வெள்ளையாக்கி, வழக்கமாக நீங்கள் வைக்கும் வெளிச்சத்தில் விட்டு, அதன் முன்னால் ஒரு பேனாவை வேகமாக விசிறுங்கள். விசிறி போலத் தொடர்ச்சியான நிழல் தெரிந்தால் பிரச்சினை இல்லை. தனித்தனியாகப் பல பேனாக்கள் தெரிந்தால் விளக்கு அணைந்து எரிகிறது. அப்படி என்றால் திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிட்டு, மென்பொருள் வழியாக நிறத்தை மட்டும் இருட்டாக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வலி நின்றபாடில்லை என்றால் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள், தலைவலிக்குக் காரணம் ஆயிரம்.

விடாக்கண்டன் இதற்குள் "240 எல்லையைத் தாண்டிவிட்டதே, அது எப்படி வலிக்கும்" என்று கேட்க வாயெடுத்திருப்பார். நியாயமான கேள்வி. கண்ணுக்குத் தெரியாத மினுக்கத்துக்கும் விழித்திரை மின்சலனம் காட்டுகிறது என்பது பதிவாகியிருக்கிறது. பிரிட்டனில் அர்னால்ட் வில்கின்ஸ் குழு 1989இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய வகை டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும், யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் அதை எடுத்துவிட்டு மிக அதிக வேகத்தில் இயங்கும் எலக்ட்ரானிக் சோக் போட்டதும் தலைவலியும் கண் வலியும் சராசரியில் பாதிக்கும் கீழே இறங்கின. எல்லோருக்கும் சமமாக இறங்கவில்லை, சிலர் மிக நுண்ணுணர்வு உள்ளவர்கள்.

கண் தாவும்போது இன்னும் வினோதம். நாம் விநாடிக்கு மூன்று நான்கு முறை கண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவவிடுகிறோம். அந்த நொடியில் சில கார்களின் எல்இடி பின்விளக்கு வரிசையாகச் சிவப்புப் புள்ளி போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறீர்களா? நேராகப் பார்த்தால் மினுக்கமே தெரியாத விளக்கு அது. தாவும் கண் அதை விழித்திரை மேல் பரப்பிவிடுகிறது, நேரத்தில் ஒளிந்திருந்த இருட்டு இடத்தில் இடைவெளியாக வெளியே வந்துவிடுகிறது. 2015இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வில், கூர்மையான விளிம்பு உள்ள படத்தை மாற்றி மாற்றிக் காட்டியபோது 500 ஹெர்ட்ஸ் அளவிலும் மினுக்கத்தை உணர்ந்தார்கள். அதே ஆய்வில் விளிம்பில்லாத வெற்றுப் பரப்புக்கு அந்தப் பழைய எல்லைதான் வந்தது.

சும்மா எட்டிப்பார்த்தவன்

இவ்வளவு பேசுகிறீர்கள், நாய்க்கு எத்தனை ஹெர்ட்ஸ்?

கருமணி

நாய்க்கு மினுக்கம் மறைய 70, 80 வரை வேண்டும். பழைய பெட்டி டிவி அதற்குப் படபடவென்று அடித்திருக்கும். ஈக்கு 200க்கு மேல். நீங்கள் கையை ஓங்குவதற்குள் அது பறந்துவிடுவதில் இதற்கும் பங்கு உண்டு.

ஹெட்ஷாட்

எல்லோரும் ஹெர்ட்ஸையும் பிரேமையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடாதீர்கள். ஹெர்ட்ஸ் மானிட்டர் திரையைப் புதுப்பிக்கும் வேகம். பிரேம் கிராபிக்ஸ் கார்டு படம் வரையும் வேகம். கார்டு 200 வரைந்தாலும் 60 ஹெர்ட்ஸ் திரை 60 தடவைதான் புதுப்பிக்கும். மேல் பாதி ஒரு பிரேம், கீழ் பாதி இன்னொரு பிரேம் என்று படம் கிழிந்து தெரியும். தலைகீழாக, கார்டு 50 மட்டும் வரைந்தால் 144 ஹெர்ட்ஸ் திரை பழைய பிரேமையே திரும்பத் திரும்பக் காட்டும். கார்டு எப்போது கொடுக்கிறதோ அப்போது திரை புதுப்பித்துக்கொள்ளட்டும் என்றுதான் 2013இல் என்விடியா ஜி-சிங்க்கும் அதன் பின்னாலேயே ஏஎம்டியின் ஃப்ரீசிங்க்கும் வந்தன.

சராசரியை நம்பி ஏமாந்தவன் நான். சராசரி 60 பிரேம் என்று காட்டும், ஆனால் ஒரு பிரேம் 8 மில்லி விநாடியில், அடுத்தது 25இல் வரும். கை உடனே கண்டுபிடித்துவிடும். சீராக வரும் 50, தாறுமாறாக வரும் 70ஐவிட மேல்.

"மனுசன் கண்ணில் பட்டுக் கை அசைய 200 மில்லி விநாடி ஆகிறது, 8 மில்லி விநாடியால் என்ன ஆகப்போகிறது" என்பார்கள். ஓட்டப் பந்தயத்தில் எல்லோரும் அதே தூரம்தான் ஓடுகிறார்கள், ஒருவரை மட்டும் இரண்டடி பின்னால் நிறுத்தினால் சும்மா இருப்பாரா? அப்புறம், மவுஸை இழுக்கும்போது நாம் எதற்கும் எதிர்வினை காட்டுவதில்லை. கை போன இடமும் அம்பு போன இடமும் பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு ஒரு வீடியோ வெளியிட்டது, விரலால் ஒரு சதுரத்தை இழுப்பதைத் தாமதம் 100 மில்லி விநாடியிலிருந்து 1 வரை குறைத்துக் காட்டினார்கள். 100இல் சதுரம் விரலுக்குப் பின்னால் ரப்பர் கட்டிய மாதிரி வரும். 10இல்கூட விரலை விட்டு விலகுவது தெரியும்.

விடாக்கண்டன்

மூன்று நாள் கழித்து வருகிறேன். வாயால் பேசிப் பயனில்லை என்று சோதித்தே பார்த்துவிட்டேன்.

மகளின் மானிட்டர் 240 வரை போகும். அவள் நாணயத்தைச் சுண்டி, விழுந்தபடி 60 அல்லது 144 வைப்பாள், நான் வேறு அறையில் இருப்பேன். வந்து உட்கார்ந்து எது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் 20 சுற்று. அவளுக்கு வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்க வழி கிடைத்ததால் மிக ஒத்துழைப்பாக இருந்தாள்.

மவுஸை அசைத்துச் சொன்னது 20க்கு 20. இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எழுத்தை ஸ்க்ரோல் செய்து சொன்னது 19. ஒரு படத்தில் இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியை வைத்துச் சொன்னது 11, அதாவது குருட்டடி. அசையாத பக்கத்தை வைத்து 9. பிறகு 120க்கும் 240க்கும் இதே சோதனையை மவுஸில் மட்டும் செய்தேன், 14 வந்தது. அதைத் தெரிந்தது என்றும் சொல்லலாம், அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம்.

ஆக 60க்கு மேல் ஒன்றுமில்லை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கணக்கையும் பாருங்கள். ஒரு பிரேம் 60இல் 16.7 மில்லி விநாடி, 144இல் 6.9. மிச்சம் கிட்டத்தட்ட 10. 144லிருந்து 240க்குப் போனால் மிச்சம் 2.8. 240லிருந்து 360க்கு 1.4தான். பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண் மட்டும் ஒவ்வொரு முறையும் பிரமாதமாக வளர்கிறது. மெகாபிக்சல் என்று நான் சொன்னது 240க்கு மேல் இருப்பவர்களுக்கு இன்னும் செல்லும்.

பெரியபெட்டி

மிச்சத்தைக் கூட்டல் கழித்தலில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். தேய்மானம் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் பாதியாகிறது. 120லிருந்து 240 என்று ஒரே படி ஏறினால் அவ்வளவாகத் தெரியாது, 120லிருந்து 480 என்று இரண்டு படி தாவினால் தெரியும். உங்கள் 14க்கும் அதுதான் காரணமாக இருக்கும். 480 கிடைத்தால் மகளைக் கூப்பிடுங்கள்.

விடாக்கண்டன்

அவள் தயார். வீட்டுப்பாடம் தயாரில்லை.

தலைவலிக்காரி

பேனா சோதனை செய்தேன். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் ஆறேழு பேனா, முழு வெளிச்சத்தில் ஒரே விசிறி. நான்கு இரவாக முழு வெளிச்சத்தில் வைத்து நிறத்தை மட்டும் இருட்டாக்கிப் பார்க்கிறேன். இரண்டு இரவு வலியே இல்லை, ஒரு இரவு கொஞ்சம் இருந்தது, நேற்று இல்லை. கருமணிக்கு நன்றி. மருத்துவரிடமும் நேரம் வாங்கிவிட்டேன்.

ஆறாம்விரல்

கடைசியாக ஒன்று. நேற்று அண்ணன் வீட்டுக்கு வந்தான். இங்கே படித்ததையெல்லாம் சொன்னேன், ஷட்டர் இதழ் வரைக்கும் கேட்டுவிட்டு, "சரி, கேமுக்கு வேண்டுமானால் உதவும். நான் பார்ப்பது 24 பிரேம் படம், அதற்கு 60 தாராளம்" என்றான். அவனே ஒரு படத்தை வைத்தான், கேமரா மெதுவாக ஊரைச் சுற்றிக் காட்டும் ஒரு ஷாட். விடாக்கண்டன் செய்த மாதிரி அவனை வெளியே அனுப்பி மாற்றி மாற்றி வைத்தேன். இரண்டாவது தடவையே "இதில் ஏதோ தட்டுகிறது, அதில் தட்டவில்லை" என்றான். தட்டுவது 60. ஐந்து முறையும் சரியாகச் சொன்னான். 24 பிரேம் படத்தில் 144 எப்படித் தெரியும்? விடாக்கண்டனுக்குத் தெரியவில்லையே?

கொட்டகைப்பையன்

விடாக்கண்டன் பார்த்தது இருவர் உட்கார்ந்து பேசும் காட்சி. அண்ணன் பார்த்தது நகரும் ஷாட்.

60ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டரை. அரைப் பிரேம் காட்ட முடியாது. அதனால் ஒரு பிரேமை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை, மறுபடி மூன்று என்று காட்டும். ஒன்று 50 மில்லி விநாடி நிற்கும், அடுத்தது 33. மெதுவாகத் திரும்பும் ஷாட்டில் அது நொண்டி நடப்பது போலத் தெரியும். 144ஐ 24ஆல் வகுத்தால் ஆறு, மிச்சமில்லை. எல்லாப் பிரேமும் ஒரே அளவு நிற்கும். 120 வைத்தாலும் சரிதான், ஐந்து முறை. எடிட்டர் கண் என்பதால் உடனே பிடித்துவிட்டார்.

ஆறாம்விரல்

இதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது. "அந்த செட்டிங் எங்கே இருக்கிறது என்று சொன்னாய்?" என்றான். எடிட்டிங்குக்கு என்று வாங்கிய அவன் மானிட்டரும் 144தானாம். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.